மெனோர்கா தீவை 9 நாளில் நடந்தே சுற்றி வர முடியுமா?

ஆகஸ்ட் கடைசி வாரம். நீங்களும் மனைவியும் இருவர். கையில் முழுசாக 9 நாள். ஸ்பெயினின் மெனோர்கா தீவைக் கடலோரமாகவே சுற்றிவரும் காமி தெ கவால்ஸ் பாதை 185 கி.மீ. அதை ஒன்பதால் வகுத்தால் நாளைக்கு இருபது சொச்சம். ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது கி.மீ. நடந்து பழக்கம் உண்டு. அதனால் டென்ட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், முழுச் சுற்றையும் ஆகஸ்டில் 9 நாளில் முடிக்கத் திட்டமிடாதீர்கள். உங்கள் கால் தாங்கும், அதில் சந்தேகமில்லை. இந்தப் பாதையில் ஆட்களைத் திணறடிப்பது தூரம் அல்ல. தண்ணீர் எங்கே கிடைக்கும், இரவு எங்கே படுப்பது, அங்கிருந்து திரும்ப வண்டி உண்டா என்ற மூன்றும்தான். உங்கள் கணக்கில் இந்த மூன்றும் இல்லை. அதனால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பாதையைப் பற்றிக் கொஞ்சம். காமி தெ கவால்ஸ் என்றால் குதிரைகளின் பாதை. கடற்கொள்ளையருக்கும் படையெடுப்புக்கும் அஞ்சி, தீவின் கரை முழுவதும் குதிரைவீரர்கள் ரோந்து போவதற்காக உண்டான வழி. பிறகு பல பகுதிகள் தனியார் பண்ணைகளுக்குள் அடைபட்டுப் போயின. மக்கள் விடாமல் கேட்டதன் பலனாக, அதைப் பொதுவழியாக்கும் சட்டம் 2000-இல் வந்தது. செப்பனிட்டு 2010-இல் முழுச் சுற்றும் திறந்தது. இன்று அதற்கு ஜி.ஆர். 223 என்ற நெடுநடைப் பாதை எண்ணும் உண்டு. அனுமதிச் சீட்டு வேண்டாம், கட்டணமும் இல்லை. கிழக்கே மாவோ துறைமுக நகரத்தில் தொடங்கி வடகரை வழியாக மேற்கே சியுதாதெயா போய், தென்கரை வழியாக மாவோவுக்கே திரும்பும் விதத்தில் 20 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் முனையிலும் தூரம், ஏற்ற இறக்கம், கடினம் ஆகியவற்றைக் காட்டும் பலகை நிற்கும். இடையில் சிறு மரக்கம்பங்கள் வழிகாட்டும். பகலில் வழி தவறுவது அபூர்வம். ஆகவே வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கைபேசியில் இணையம் இல்லாமலே திறக்கும் வரைபடம் ஒன்றை முன்கூட்டி இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது வகுத்தல் கணக்கு ஏன் உதவாது என்று பாருங்கள். 20 கட்டங்களும் சமமானவை அல்ல. காலா மொரெல் முன்னால் வரும் 8-ஆம் கட்டம் 5.4 கி.மீ.தான். ஃபவாரிச் கலங்கரை விளக்கத்திலிருந்து அரெனால் தென் காஸ்தெல் வரையிலான 3-ஆம் கட்டம் 13.6. அதைவிட முக்கியம், கட்டம் முடிகிற இடம் ஊராக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 2-ஆம் கட்டம் முடியும் ஃபவாரிச்சில் ஒரு கலங்கரை விளக்கமும் கரும்பாறையும்தான் இருக்கின்றன. 6-ஆம் கட்டம் முடியும் எல்ஸ் அலோக்ஸ் ஒரு கூழாங்கல் கரை. 7-ஆம் கட்டம் முடியும் அல்காயரென்ஸ் அழகான மணற்கரை, ஆனால் அங்கும் படுக்கை கிடையாது. 9-ஆம் கட்டம் முடியும் புந்தா நாதியில் மறுபடியும் கலங்கரை விளக்கம் மட்டும். நாளைக்கு இருபது என்று எண்ணிக்கொண்டு போகிறவர் மாலை ஐந்து மணிக்கு இப்படி ஓர் இடத்தில் போய் நிற்பார். பாட்டிலில் நாலு மடக்குத் தண்ணீர் இருக்கும், அடுத்த கூரைக்கு இன்னும் ஆறேழு கி.மீ. இருக்கும்.

வடகரையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு நாள். பினிமெல்லாவிலிருந்து காலா மொரெல் வரை, அதாவது 6, 7, 8 என மூன்று கட்டங்கள் சேர்ந்து 24 கி.மீ. நடுவில் கடை இல்லை, நம்பிப் போகக்கூடிய குழாய் இல்லை, தங்குமிடம் இல்லை. தீவின் மிக உயரமான எல் தோரோ குன்றே 358 மீட்டர்தான், அதுவும் உள்நாட்டில் இருக்கிறது. இந்தப் பாதை அதன் பக்கம் போவதில்லை. அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இந்த 24 கி.மீ.யில் ஒவ்வொரு குடாவுக்கும் செங்குத்தாக இறங்கி, மறுபக்கம் செங்குத்தாக ஏற வேண்டும். ஏறி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த இறக்கம் வந்துவிடும். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. சமவெளியில் மணிக்கு 5 கி.மீ. நடப்பவர் இங்கே 3 என்று கணக்கு வைப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் நடை மட்டுமே 8 மணி நேரம், ஓய்வும் குளியலும் சேர்த்தால் 10. இடையில் எல்ஸ் அலோக்ஸிலும் அல்காயரென்ஸிலும் வண்டி வரும் பாதை உண்டு. உடம்பு சரியில்லை என்றால் வெளியேற வேண்டியது அந்த இரண்டு இடங்களில்தான். எல்ஸ் அலோக்ஸில் வெளியேறினால் நெடுஞ்சாலை பக்கத்தில் இல்லை, நெடுந்தூரம் உள்ளே போக வேண்டும். அல்காயரென்ஸ் கொஞ்சம் வசதி. அங்கே வாகன நிறுத்தம் இருக்கிறது, நடையும் 18.6 கி.மீ.யோடு முடியும்.

தண்ணீர்க் கணக்கை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். மிதமான வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஆளுக்கு அரை லிட்டர். ஆகஸ்ட் வெயிலில் அது முக்கால் லிட்டருக்குப் போகும். மேலே சொன்ன 24 கி.மீ. நாளுக்கு மே மாதத்தில் ஆளுக்கு 4 லிட்டர் போதும். ஆகஸ்டில் 6 லிட்டர் வேண்டும், அது தோளில் 6 கிலோ. டென்டும் தூக்குவீர்கள் என்றால் அந்த இறக்கங்களில் உங்கள் முழங்கால் என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் தலைசுற்றும். வியர்வையில் போகும் உப்பு திரும்ப வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாளைக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட கடலையும் ஆலிவ் காயும் அந்த வேலையைப் பாதி செய்யும். வழியில் தென்படும் கிணறுகளையும் தொட்டிகளையும் நம்ப வேண்டாம், அவை ஆடுமாடுகளுக்கானவை.

ஆகஸ்டில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத சிக்கல் கடிகாரம். ஸ்பெயினின் கோடை நேரம் சூரியனைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மெனோர்காவில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றே முக்கால் மணியளவில். ஆகஸ்ட் கடைசியில் விடிவதே 7 மணியை ஒட்டித்தான். நம்மூர்ப் பழக்கத்தில், விடிகாலை ஐந்தரைக்கே நடக்கத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தால், முதல் ஒன்றரை மணி நேரம் இருட்டில் கல்லில் தடுக்க வேண்டியிருக்கும். மாலை நாலு மணியாகிவிட்டது, வெயில் தாழ்ந்திருக்கும் என்று கிளம்பினால் அதுவே நாளின் சூடான பொழுதாக இருக்கும். ஆகஸ்டின் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியதுதான், நமக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நிழலே இல்லாத வெள்ளைக் கல்தரையில் கீழிருந்தும் சூடு அடிக்கும்போது அந்த 30 வேறு மாதிரி இருக்கும். சென்னை வெயிலில் வளர்ந்த தைரியத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

விடுப்பை மாற்ற முடியுமானால் மே மாதத்துக்கு மாற்றுங்கள். அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை. மே மாதத்தில் பகல் நீளம், வெப்பம் 21-22 டிகிரி, மேய்ச்சல் நிலமெல்லாம் பச்சையும் பூவுமாக இருக்கும். கடல் மட்டும் குளிரும். செப்டம்பர் கடைசியில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் நிலம் காய்ந்து பழுத்திருக்கும், திடீர் மழைக்கும் வாய்ப்பு உண்டு. அக்டோபர், நவம்பர்தான் அங்கே மழை மிகுந்த மாதங்கள். நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் மே. ஜூன் 23, 24 தேதிகளில் சியுதாதெயா பக்கம் நடைத் திட்டம் வைக்க வேண்டாம். புனித ஜான் திருவிழா அப்போது; கூட்டத்துக்கு நடுவே கருங்குதிரைகள் பின்னங்காலில் எழுந்து நிற்கும். பார்க்கவென்றே போகலாம், அது வேறு. நடைக்கு வந்தவருக்கு அறை கிடைக்காது.

9 நாளை என்ன செய்வது? முழுச் சுற்றையும் சிரமமில்லாமல் நடக்க 11 நாள் வேண்டும். உங்களிடம் 9 இருப்பதால் 46 கி.மீ.யை விட்டுவிடுங்கள், மிச்சம் 139-ஐ நன்றாக நடங்கள். விட வேண்டியது எது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. சியுதாதெயாவிலிருந்து அர்த்ருச் முனை வரையிலான 11-ஆம் கட்டம் (13.2 கி.மீ.) பெரும்பாலும் விடுமுறை வீடுகளை ஒட்டிய நடை. காலா என் போர்தெர் தாண்டி மாவோ வரையிலான கடைசி நான்கு கட்டங்களிலும் (33.2 கி.மீ.) தார்ச்சாலையும் வில்லாக்களும் அதிகம். அங்கே அழகு இல்லை என்று சொல்லவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தத் தீவை ஆண்டபோது கட்டிய மார்ல்பரோ கோட்டை சாந் எஸ்தேவே குடாவில் இருக்கிறது, பார்க்கத் தகுந்தது. ஆனால் அதற்கு மாவோவிலிருந்து ஒரு மாலை போதும்.

நாள்வாரியாகச் சொன்னால், முதல் நாள் மாவோவிலிருந்து எஸ் கிராவ் வரை 10 கி.மீ. மட்டும். உடம்பும் பையும் பழகட்டும். எஸ் கிராவ் சின்ன மீனவர் ஊர், அறைகள் குறைவு. மாவோவுக்கே திரும்பித் தூங்கிவிட்டுக் காலையில் வாருங்கள். இரண்டாம் நாள் எஸ் கிராவிலிருந்து ஃபவாரிச் வழியாக அரெனால் தென் காஸ்தெல் வரை 22.2. மூன்றாம் நாள் காலா திராந் வரை 10.8, இரவு ஃபோர்னெல்ஸில். நான்காம் நாள் பினிமெல்லா வரை 9.6, டாக்சியில் ஃபோர்னெல்ஸுக்கே திரும்பல். இந்த இரண்டு நாளும் சேர்ந்து இருபதுதானே, ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், ஐந்தாம் நாள்தான் அந்த 24 கி.மீ. அதற்கு முதல் நாள் மதியத்துக்குள் நடை முடிந்து, காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். ஆறாம் நாள் காலா மொரெலிலிருந்து சியுதாதெயா வரை 17.5. ஏழாம் நாள் பஸ்ஸில் அர்த்ருச் முனைப் பக்கம் போய் அங்கிருந்து கால்தானா வரை 19.7. எட்டாம் நாள் கால்தானாவிலிருந்து சோன் போ வரை 17.2. ஒன்பதாம் நாள் சோன் போவிலிருந்து காலா என் போர்தெர் வரை 8. இந்தக் கடைசி 8-ஐ உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாள் காற்றிலோ கொப்புளத்திலோ போய்விட்டால் இதை வெட்டிக்கொள்ளலாம்.

இந்தத் திட்டத்தில் நீங்கள் தினமும் ஊர் மாறுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மாவோவில் இரண்டு இரவு, அரெனாலில் ஒன்று, ஃபோர்னெல்ஸில் இரண்டு, சியுதாதெயாவில் இரண்டு, கால்தானாவில் ஒன்று, கடைசியில் சோன் போ அல்லது மாவோ. மாவோவையும் சியுதாதெயாவையும் இணைக்கும் நெடுஞ்சாலைதான் தீவின் முதுகெலும்பு. அலயோர், மெர்காதால், ஃபெரெரீஸ் என்ற உள்நாட்டு ஊர்கள் அதன்மேல் இருக்கின்றன, அந்தத் தடத்தில் ஆண்டு முழுக்கப் பஸ் ஓடும். கடற்கரைகளுக்குப் போகும் பஸ்களோ சீசனை நம்பியவை. கோடையில் நிறைய, அக்டோபர் கடைசிக்குப் பிறகு பலவும் நின்றுவிடும். கோடையில் மகாரெல்லா போன்ற பெயர்பெற்ற கரைகளுக்குத் தனியார் காரை விடமாட்டார்கள், சியுதாதெயாவிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். டாக்சியை முந்தின நாள் மாலையே சொல்லி வையுங்கள். ஆகஸ்டில் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் ஏழரைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நடை முடியும் குடாவில் கைபேசிக்குச் சிக்னல் இல்லாமல் போகலாம், ஆகையால் திரும்பும் வண்டியையும் நேரம் குறித்துக் காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

டென்ட் விஷயத்தில் பதில் திட்டவட்டமானது. பாதையோரத்திலோ கரையிலோ டென்ட் போடுவது அங்கே தடை, அபராதம் உண்டு. முறையான முகாம்கள் சோன் போவிலும், ஃபெரெரீஸிலிருந்து கால்தானா போகும் வழியிலும் இருக்கின்றன. இரண்டும் தெற்கில்தான். வடகரையில், உங்களுக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில், எதுவும் இல்லை. கோடையில் காட்டுப்பகுதியில் அடுப்பு மூட்டுவதும் கூடாது. பைன் மரமும் காய்ந்த புதரும் நிறைந்த தீவு, ஒரு பொறி போதும். இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட முன்பதிவைக் காட்டவேண்டும் என்பதால், டென்ட் திட்டம் விண்ணப்பத்திலேயே இடிக்கும். அதே விண்ணப்பத்துக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுப்பீர்கள் அல்லவா? மலைநடை, நெடுநடை போன்றவற்றை விலக்கும் வரி அதில் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். காலில் சுளுக்கு வந்த பிறகு அதைப் படித்துப் பயனில்லை.

தரையைப் பற்றிச் சொல்லாமல் செருப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. இந்தத் தீவு இரண்டு துண்டுக் கல். வடக்கு மிகப் பழைய பாறை. ஃபவாரிச்சில் அது அடுக்கடுக்கான கரும்பலகைக் கல், பினிமெல்லாவுக்கு மேற்கே செம்மணற்கல். தெற்கு முழுவதும் வயதில் இளைய வெளிறிய சுண்ணாம்புக்கல். மழைநீர் அதை அறுத்து ஆழமான பள்ளத்தாக்குகளாக ஆக்கியிருக்கிறது. இதனால் நடையே மாறுகிறது. வடக்கில் கரை திறந்து கிடக்கும், காற்றும் வெயிலும் நேரே மேலே விழும். மழை பெய்த மறுநாள் செம்மண் அடிப்பாகத்தில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனக்கும். ஃபவாரிச்சின் கரும்பலகை ஈரமானால் வழுக்கும். தெற்கில் பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது கருவாலி மரங்களும் பைன்களும் நிழல் தரும். கால்தானாவிலிருந்து சாந் தொமாஸ் போகும் 14-ஆம் கட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடலை விட்டு உள்ளே வளைந்து, பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் தோட்டங்களைத் தொட்டு மேலே ஏறும். சூட்டில் நடக்கவேண்டி வந்தால் இதுதான் தாங்கும்.

கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ் தேவையில்லை. அடிப்பாகம் கெட்டியாக, கல் முனை உறைக்காத ஓட்டக் காலணி போதும். புதிதாக வாங்கியதை அங்கே போய்ப் பழக்காதீர்கள், குறைந்தது 80-100 கி.மீ. ஊரிலேயே நடந்துவிடுங்கள். தீவின் பேர்பெற்ற அவார்க்கா தோல்செருப்பு மாலையில் ஊருக்குள் உலாவ அருமையானது, பாதைக்கு ஆகாது. தென்கரையில் கொப்புளத்துக்குக் காரணம் மணல்தான். கரையைக் கடந்ததும் உட்கார்ந்து காலணியைக் கழற்றி உதறி, விரலிடுக்கைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் சோம்பலில் தள்ளிப்போடுபவர்களுக்கு மூன்றாம் நாளில் குதிகால் பேச ஆரம்பிக்கும். ஈரக் காலோடு நடக்க வேண்டாம். குளித்தபின் மாற்ற இரண்டாவது ஜோடி காலுறை பையின் மேல்பக்கத்திலேயே இருக்கட்டும்.

வழியில் உங்களை அடிக்கடி நிறுத்தப்போவது மரப்படல். காட்டு ஆலிவ் மரத்தின் வளைந்த கிளைகளை அப்படியே, நிமிர்த்தாமல், ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் செய்கிறார்கள். குறுக்குக் கட்டை ஒவ்வொன்றும் தன் போக்கில் நெளிந்திருக்கும், எந்த இரண்டு படலும் ஒன்றுபோல் இருக்காது. கை பட்டுப் பட்டுப் பிடி மட்டும் வழவழவென்று மின்னும். இரண்டு பக்கமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர். சில இடங்களில் படலுக்குப் பதிலாகச் சுவரிலேயே நீண்ட கற்களை வெளியே துருத்தி நிற்கவைத்துப் படி செய்திருப்பார்கள், ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம். படலைத் திறந்தால் பின்னால் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே மேய்வது பால்மாடுகள். ஒரு மந்தை தவறான பக்கம் போய்விட்டால் அந்தப் பண்ணையாளரின் அரைநாள் போச்சு. பாதை பொதுவழி என்றாலும் இரண்டு பக்கமும் தனியார் நிலம். பண்ணைக்காரர்கள் முறுக்கிக்கொண்டு இந்த வழியை மூடிய காலம் இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. சாத்திய படல்தான் நடப்பவர்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான உடன்படிக்கை என்று நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளும் குதிரையும் இதே பாதையில் வரும். குதிரை வந்தால் ஒரே பக்கமாக ஒதுங்கி, அது உங்களைப் பார்க்கும்படி நின்று, அமைதியாகப் பேசிக்கொண்டிருங்கள். திடீரென்று எழுந்தால் மிரளும்.

ஆறாம் நாள், காலா மொரெலிலிருந்து சியுதாதெயா வரை, ஒரு மரம்கூட இருக்காது. கல்லைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் அந்த நாளைத் தவிர்த்துவிடாதீர்கள். புந்தா நாதியைச் சுற்றி, சாந்தில்லாத கல்லால் படிப்படியாகக் குறுகி மேலேறும் வட்டக் குடில்கள் நிற்கின்றன. மந்தைகளுக்கு மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிடம் வேண்டுமென்று உழவர்கள் கட்டியவை. உள்ளே குனிந்து போனால் வெளியே கொதிக்கிற நேரத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். 1910 பிப்ரவரியில் ஜெனரல் ஷான்சி என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் இந்தக் கரையில் மோதி உடைந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களில் ஒரே ஒருவர்தான் பிழைத்தார். அதன்பின் 1913-இல் வந்தது அந்தக் கலங்கரை விளக்கம். மேகமூட்டமான நாள் கிடைத்தால் இந்தக் கட்டத்துக்கு ஒதுக்குங்கள். வெயில் நாளானால் விடிந்தவுடன் தொடங்கி, பகல் ஒரு மணிக்குள் ஊருக்குள் இருங்கள்.

அங்கே கப்பலை உடைத்ததும் உங்களைத் தொந்தரவு செய்யப்போவதும் ஒரே காற்று, வடக்கிலிருந்து வரும் த்ரமுந்தானா. வடகரையின் காட்டு ஆலிவ் மரங்கள் எல்லாம் தெற்கே சாய்ந்து சீப்பால் வாரியதுபோல் நிற்பதைப் பார்த்தாலே அதன் பலம் புரியும். முன்னறிவிப்பில் வடக்குக் காற்று பலமாக என்று வந்தால் வடகரைக் கட்டத்தைத் தள்ளிவைத்து அன்று தெற்கில் நடங்கள். அங்கே கடலே அமைதியாக இருக்கும். இந்த ஒரு உபாயத்துக்காகத்தான் சியுதாதெயா, மாவோ போன்ற இரண்டு கரைக்கும் போக முடிந்த ஊர்களில் தங்கச் சொல்கிறேன். அந்தக் காற்றில் வடக்கு குடாக்களில் கடலில் இறங்க வேண்டாம். ஆள்நடமாட்டமில்லாத கரைகள் பலவற்றில் உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். கரையில் பழுப்பு நாடாக்கள்போல் குவிந்திருப்பது குப்பை இல்லை. பொசிதோனியா என்னும் கடற்புல்லின் காய்ந்த இலை. மணலை அரிப்பிலிருந்து காப்பது அதுதான், மெத்தென்று இருக்கும், தாராளமாக மிதித்து நடக்கலாம். கவலேரியா, பிரெகோந்தா பக்கம் செம்மண்ணைக் குழைத்து உடம்பில் பூசிக்கொள்கிறவர்களைப் பார்த்து நீங்களும் பாறையைச் சுரண்ட வேண்டாம். தடை செய்திருக்கிறார்கள், பாறை உதிர்கிறது.

சைவத்துக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. என்சைமாதா என்ற சுருள் ரொட்டியைப் பார்த்தால் சர்க்கரை தூவிய பன் மாதிரிதான் இருக்கும். அதன் பெயரிலேயே பன்றிக்கொழுப்பு இருக்கிறது, செய்வதும் அதில்தான். ஃபோர்மத்யாதா என்ற சின்னப் பணியாரத்துக்குள் இறைச்சி இருக்கும். சாலட் என்று கேட்டால் சூரைமீன் தூவி வரும். 'சின் கார்னே நி பெஸ்காதோ', அதாவது இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று சொல்லிவிட்டு, 'சின் ஹாமோன், சின் அதூன்' என்று பன்றித்தொடையையும் சூரையையும் தனியாகச் சொல்லுங்கள். பலருக்கு அவை இறைச்சி, மீன் கணக்கில் வருவதில்லை. ஓலியாய்குவா கிடைத்தால் விடாதீர்கள். தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், பூண்டு, ஆலிவ் எண்ணெய், தண்ணீர், அவ்வளவுதான். கொதிக்கவிடாமல் செய்யும் ரசம் மாதிரியான ஏழைகளின் சூப், அத்திப்பழத்தோடு சாப்பிடுவார்கள். நடைக்குக் கையில் எடுத்துப்போக, தக்காளி தேய்த்த ரொட்டியும் மாவோ பாலாடைக்கட்டியும் போல் வேறில்லை. முதிர்ந்த கட்டியை வாங்குங்கள், வெயிலில் இளகாது. கடைகள் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை பெரும்பாலும் மூடியிருக்கும், ஞாயிறன்று பலவும் திறக்காது. அடுத்த நாள் சாப்பாட்டை முதல் நாள் மாலையிலேயே வாங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னவற்றில் தூரங்கள், கட்டங்கள், டென்ட் தடை, நிழலும் தண்ணீரும் இல்லாத இடங்கள் ஆகியவற்றை அப்படியே நம்பித் திட்டம் போடலாம். அவை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. பஸ் நேரம், எந்தக் கரைக்குக் கார் விடுவார்கள், பினிமெல்லாவில் உணவகம் திறந்திருக்குமா என்பவை ஒவ்வொரு சீசனும் மாறும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும், அங்கே போய்ச் சேர்ந்த அன்று மாவோ பஸ் நிலையத்திலும் சரிபாருங்கள். மனைவியின் முழங்கால் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. இறக்கத்தில் வலி வருமென்றால் ஐந்தாம் நாளை அல்காயரென்ஸோடு முடிப்பதாகவே டாக்சியைப் பேசுங்கள். மறுநாள் 5.4 கி.மீ. கூடி 22.9 ஆகும். அது அதிகம் என்றால் அந்த 5.4-ஐ விட்டுவிட்டு நேரே காலா மொரெலில் தொடங்குங்கள். நடைக்கோல் இரண்டு எடுத்துப்போனால் அந்த இறக்கங்களில் வித்தியாசம் தெரியும். அவசரத்துக்கு எண் 112. அழைக்கும்போது கட்ட எண்ணையும், கடைசியாகக் கடந்த குடாவின் பெயரையும் சொன்னால் மீட்புக்கு வருபவர்கள் தேடும் நேரம் மிச்சமாகும். ஆகையால் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் நிற்கும் அந்தப் பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நடங்கள்.